சோதனைச் சாவி

பெரிய மருமகளுக்குப் பொறாமை என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பொத்துக்கொண்டு கோபம் வரும். நான் நியாயத்தைத்தான் கேட்கிறேன் என்பாள். அந்த நியாயம் சின்ன மருமகளை யாராவது பாராட்டும்போது மட்டும் ஏன் ஞாபகத்துக்கு வருகிறது என்று திருப்பிக் கேட்கக் கூடாது. கேட்டவர்கள் யாரும் அன்றைக்கு அவள் கையால் காபி குடித்ததில்லை.

இரண்டு மருமகள்களுக்கும் ஒரே வீடு, ஒரே வேலை. மாமியார் ரத்தப் பரிசோதனை டாக்டர். எல்லோருக்கும் டாக்டரம்மா, இவர்களுக்கு மட்டும் அத்தை. ஒரு அறையும் ஒரு மைக்ராஸ்கோப்புமாக அவர் தொடங்கிய லேப் இப்போது மாடிமேல் மாடியாக வளர்ந்துவிட்டது. கீழே ரத்தம் எடுப்பார்கள், நடுவில் இயந்திரங்கள் சுற்றும், மேலே கம்ப்யூட்டர் பிரிவு. அந்த மேல் மாடியில் இரண்டு மருமகள்களும் எதிரெதிர்ச் சுவர்களைப் பார்த்தபடி, முதுகுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடிக்க ஒரு வாளி இருந்தது. இருவருக்கும் பொதுவானது அந்த வாளி ஒன்றுதான் என்று பெரியவளின் கணவன் கேலி செய்வான்.

முதலில் வந்தவள் பெரியவள். அவள் வருவதற்கு முன் ரிப்போர்ட்டைக் கையால் எழுதி, உறையில் போட்டு, கவுண்டரில் கத்திக் கூப்பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் நல்ல கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து, ஒற்றை ஆளாக சர்வரை எழுதினாள். எந்த ரத்தம் யாருடையது, எந்த இயந்திரம் என்ன சொன்னது, எந்த டாக்டர் கையெழுத்திட்டார் என்று எல்லாம் அதற்குள் போனது. பல வருஷம் அந்த மாடியில் அவள் வைத்ததுதான் சட்டம்.

பிறகு கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆனது. வந்தவளும் புரோகிராமராகவே வந்து சேர்ந்தாள். வந்த சூட்டோடு போனுக்கு ஒரு ஆப் செய்தாள். இப்போது நோயாளிகள் வீட்டில் கால் நீட்டிக்கொண்டே ரிப்போர்ட்டைப் பார்க்கலாம். பச்சை நிறம் என்றால் சரியாக இருக்கிறது, ஆரஞ்சு என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். கவுண்டருக்கு வருகிறவர்கள் எல்லாம் ஆப் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். டாக்டரம்மா அதை அப்படியே மேல் மாடிக்கு வந்து சின்னவளிடம் சொல்வார். சொல்லும்போது பெரியவளையும் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் ஒரு வஞ்சகமும் இல்லை, ஆனால் பெரியவளுக்கு அது நெருப்புத் துண்டாக விழும்.

அந்தப் பச்சையும் ஆரஞ்சும் எங்கிருந்து வருகிறது? சர்வரிலிருந்து. யாருடைய சர்வர்? பெரியவளுடைய சர்வர். ஆனால் சர்வர் நன்றாக இருக்கிறது என்று உலகத்தில் எந்த நோயாளியும் சொன்னதில்லை. ஓடுகிறவரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. நின்றுபோனால்தான் பெரியவள் பெயர் எல்லோர் வாயிலும் வரும். இதில் அவள் சொல்வது நியாயம்தான், இல்லை என்று சொல்ல முடியாது.

வீட்டிலும் அதே கதை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இந்த வீட்டில் சின்னவள் உடைத்தால் மண்குடம், பெரியவள் உடைத்தால் பொன்குடம் என்று பெரியவள் மாற்றி வைத்திருந்தாள். ஆப் ஒருநாள் பாதியில் மூடிக்கொண்டபோது, பாவம் புதுசுதானே என்றார் டாக்டரம்மா. சர்வர் ஒருநாள் அரைமணி நேரம் படுத்தபோது, என்னம்மா நீயே இப்படிப் பண்ணலாமா என்றார். அந்த 'நீயே' என்பதில் எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்பது பெரியவள் காதில் விழவில்லை.

இந்த நிலையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று தன் நோயாளிகளின் பரிசோதனை எல்லாவற்றையும் இந்த லேப்பிடமே தர முன்வந்தது. ஒரே நிபந்தனை: அவர்களுடைய ஆள் வந்து, ஆப்பும் சர்வரும் பேசிக்கொள்வது பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பார். பார்த்துச் சரி என்றால்தான் கையெழுத்து. அதற்கு நாளும் குறித்தாயிற்று, வெள்ளிக்கிழமை. சாப்பாட்டு மேஜையில் இதைச் சொன்ன டாக்டரம்மா, இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னார். ஆஸ்பத்திரி வேலை வந்தால் ஆட்கள் நிறையச் சேர்க்க வேண்டும், கம்ப்யூட்டர் பிரிவு முழுக்க ஒருத்தர் பொறுப்பில் இருக்க வேண்டும், யார் என்று அன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்றார்.

யார் என்பதில் என்ன கேள்வி என்று பெரியவள் நினைத்தாள். அந்தப் பொறுப்பு இத்தனை வருஷமாக அவளுடையது. பெயர்ப் பலகை மட்டும்தான் போடவில்லை. சின்னவளோ எதுவும் நடக்காததுபோல் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்படிச் சாப்பிட முடிகிறதே என்றுகூட இவளுக்கு எரிந்தது.

இனி நடந்தது புரிய, அந்த ஆப் சர்வரின் கதவை எப்படித் தட்டியது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். நோயாளி தன் போன் நம்பரைப் போட்டு, வந்த ஓடிபியைச் சொல்லி உள்ளே வந்ததும், சர்வர் அந்த ஒரு போனுக்கு மட்டும் ஒரு ரகசியச் சாவியைக் கொடுக்கும். அதற்குப் பிறகு அந்தப் போன் எதைக் கேட்டாலும், கேட்பதையும் கேட்கும் நேரத்தையும் சேர்த்து அந்தச் சாவியால் ஒரு கையொப்பம் போட்டு அனுப்ப வேண்டும். சர்வர் தன் பக்கம் அதே கையொப்பத்தைப் போட்டுப் பார்க்கும். இரண்டும் ஒத்துப்போனால் சரி, ஒரு எழுத்து மாறினாலும் வெளியே போ என்று சொல்லிவிடும். இது பெரியவள் கட்டிய கதவு. இதில் ஈ எறும்பு நுழையாது என்று அவளுக்கு ஒரு கர்வம்.

ஆனால் ஆப்பின் முதல் திரையில், உள்ளே வருவதற்கு முன்பே, கிளைகளின் முகவரியும் பரிசோதனை விலைகளும் தெரிய வேண்டியிருந்தது. அப்போது போனுக்கு இன்னும் சாவி கொடுக்கவில்லையே, எதை வைத்துக் கையொப்பம் போடுவது? இதற்குத் தனியாக ஒரு சின்ன வழி வேண்டும் என்று சின்னவள் கேட்டாள். ஒருமுறை நேரில் கேட்டாள். ஒருமுறை மெசேஜில் கேட்டாள். இன்னொருமுறை வாளித் தண்ணீரைக் கொட்டப் போகிற சாக்கில் வந்து நின்று கேட்டாள். பெரியவள் பார்க்கலாம் என்றாள். பார்க்கவில்லை. அந்த வாரம்தான் டாக்டரம்மா ஆப்பின் படத்தை வரவேற்பறைச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்தார். அதைத் தினமும் தாண்டி மேலே ஏறுகிறவளுக்கு யாருக்கும் வழி விட மனம் வருமா?

திங்கட்கிழமை மதியம் சின்னவள் சாப்பிடக் கீழே போயிருந்தாள். பெரியவள் ஆப்பை இறக்கி, தன் கம்ப்யூட்டரில் போட்டு, அதைப் பிரித்து உள்ளே பார்த்தாள். வெள்ளிக்கிழமைக்கு முன் எதற்கும் பார்த்துவைப்போம் என்று தனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். உண்மையில் குற்றம் தேடித்தான் பிரித்தாள். தேடினவளுக்குக் கிடைத்தது.

முதல் திரைக்கான நிரலில், எந்த மறைவும் இல்லாமல், ஒரு சாவி முழுசாக எழுதி வைக்கப்பட்டிருந்தது. வேலை ஆரம்பித்த புதிதில், முயற்சி செய்து பார்ப்பதற்காகப் பெரியவளே சின்னவளுக்குக் கொடுத்த சோதனைச் சாவி. தனி வழி கேட்டுக் கேட்டும் கிடைக்காத சின்னவள், கெடு நெருங்கியதும் அந்தச் சாவியை ஆப்புக்குள்ளேயே பதித்து அனுப்பிவிட்டாள். ஆப் எத்தனை போனில் இருக்கிறதோ அத்தனை போனிலும் இப்போது அந்தச் சாவி இருக்கிறது. கொஞ்சம் விவரம் தெரிந்தவன் பிரித்துப் பார்த்தால் எடுத்துக்கொள்ளலாம்.

பெரியவள் அந்தச் சாவியை எடுத்து, கையாலேயே ஒரு கோரிக்கை எழுதி, கையொப்பம் போட்டு, யாரோ ஒருவரின் ரிப்போர்ட்டை சர்வரிடம் கேட்டாள். ரிப்போர்ட் வந்துவிட்டது. இன்னொருவருடையதைக் கேட்டாள். அதுவும் வந்தது. அவளுக்கு முதலில் பகீர் என்றது. அந்தப் பகீர் ஒரு கணம்தான் நின்றது. அதற்கு மேல் வந்தது சந்தோஷம், சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டிய அளவுக்குச் சந்தோஷம். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவளுக்கு அவல் கிடைத்துவிட்டது.

அந்த நேரத்தில் அவள் தன்னையே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஆனால் சந்தோஷம் வந்த இடத்தில் கேள்வி எங்கே வரும்? சின்னவள் மாட்டினாள் என்பது ஒன்றுதான் தெரிந்தது.

அன்று இரவு கணவனிடம் மட்டும் பாதியைச் சொன்னாள். ஆப்பில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, உன் தம்பி பெண்டாட்டி செய்த வேலை என்றாள். அவன் ரத்தம் சேகரிக்கப் போகும் வண்டிகளைக் கவனிக்கிறவன், கம்ப்யூட்டர் பக்கம் தலை வைத்துப் படுக்காதவன். அப்படியென்றால் அவளிடம் உடனே சொல்லிவிடு, சரிசெய்யட்டும் என்றான். பெரியவள் 'ம்' என்றாள். அந்த 'ம்'முக்கு அர்த்தம் தெரிகிற அளவுக்கு அவன் அன்றைக்கு விழித்திருக்கவில்லை.

செவ்வாய் போனது, புதன் போனது. பெரியவள் அந்த நாட்களில் காட்டிய அன்பை சின்னவள் அதற்கு முன் பார்த்ததில்லை. வாளித் தண்ணீரைத் தானே கொட்டினாள். சின்னவள் தும்மினால் ஏசியைக் குறைத்தாள். நடு நடுவே, சாவி இன்னும் இருக்கிறதா என்று ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்வாள். இருந்தது. அது இருக்கும்வரை கீழே வரவேற்பறைச் சுவரிலிருந்த ஆளுயரப் படம்கூட அவளுக்கு உறுத்தவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் சின்னவள் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு இவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனி சிவந்திருந்தது.

"அக்கா, நாளைக்கு நடக்கப்போறதை நெனச்சா பயமா இருக்கு. ஆப்பை ஒரு தடவை நீங்க பார்த்துடறீங்களா? உங்க கண்ணுக்குத் தப்பாது" என்றாள்.

பெரியவளுக்கு அந்தக் கடைசி வாக்கியம் கொஞ்சம் குத்தியது. சொல்லிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது, வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? சாயங்காலத்துக்குள் சின்னவள் சரிசெய்துவிடுவாள். வெள்ளிக்கிழமை எல்லாம் பச்சையாக இருக்கும். ஆஸ்பத்திரிக்காரர் ஆப் அருமை என்பார். அத்தை இவளைப் பார்த்து அந்தச் சிரிப்பைச் சிரிப்பார்.

"நான் பார்த்துட்டேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றாள் பெரியவள்.

சின்னவள் பெருமூச்சு விட்டு, இவள் கையை ஒருமுறை பிடித்து அழுத்திவிட்டு, நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியின் ஆள் வந்தார். தடித்த கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற மனிதர். தண்ணீர் மட்டும் கேட்டு வாங்கிக் குடித்தார். மேல் மாடியிலேயே மேஜைகளை ஒதுக்கி, சுவரில் ப்ரொஜெக்டரைக் காட்டி உட்கார்ந்தார்கள். டாக்டரம்மா நடுவில். சின்னவள் ஆப்பை விளக்கினாள். எப்படி உள்ளே வருவது, எப்படி வெளியே போவது, போன் தொலைந்தால் என்ன செய்வது என்று திக்காமல் திணறாமல் சொன்னாள். கண்ணாடிக்காரர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். டாக்டரம்மாவின் முகம் மலர்ந்துகொண்டே போனது. பெரியவள் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்காக அது இப்படி ஒருநாளாவது மலர்ந்ததா என்று யோசித்தாள், ஞாபகம் வரவில்லை.

சின்னவள் முடித்ததும், நானும் ஒன்று காட்ட வேண்டும் என்று இவள் எழுந்தாள். ஆப்பைப் பிரித்தாள். சாவியைச் சுவரில் பெரிசாகக் காட்டினாள். இது எல்லோருடைய போனிலும் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், எடுத்தால் என்ன ஆகும் பாருங்கள் என்றாள். வெளியாளின் ரிப்போர்ட்டைக் காட்டினால் தப்பாகிவிடும் என்று முன்பே யோசித்து வைத்திருந்தாள். வீட்டு ஆள் என்றால் பரவாயில்லையே. மாமியாரின் போன் நம்பரைப் போட்டாள்.

சுவர் முழுக்க டாக்டரம்மாவின் ரிப்போர்ட் விரிந்தது. ஊருக்கெல்லாம் இனிப்பைத் தொடாதே என்று எழுதிக் கொடுக்கிறவரின் சர்க்கரை, ஆரஞ்சு நிறத்தில் ஏகத்துக்கு ஏறி நின்றது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாரும் சிரிக்கவில்லை. சின்னவளின் முகம் வெளிறிப்போயிருந்தது. இத்தனை நாள் காத்திருந்தது இந்த முகத்துக்காகத்தான். பெரியவள் அதைக் கண் நிறையப் பார்த்தாள்.

கண்ணாடிக்காரர் அந்த ரிப்போர்ட்டை முதலில் மூடச் சொன்னார். தண்ணீரை ஒரு வாய் குடித்தார். பிறகு சின்னவளிடம், சாவியை ஆப்புக்குள் வைத்தது தப்பு, ஆப்பில் எதை வைத்தாலும் அது தெருவுக்குப் போய்விட்டதாகத்தான் அர்த்தம் என்றார். சின்னவள் தலையை ஆட்டினாள். பெரியவளுக்கு இதைவிட இனிமையான வாக்கியம் அந்த அறையில் கேட்டதில்லை.

அவர் இவள் பக்கம் திரும்பினார்.

"மேடம், முதல் திரைக்கு விலையும் முகவரியும்தானே வேணும்? அந்தச் சாவிக்கு ரிப்போர்ட் எப்படித் திறந்துச்சு? கேக்கறது யாரு, இந்த ரிப்போர்ட் அவங்களோடதான்னு பார்க்க வேண்டியது சர்வர்தானே?"

அப்போதுதான் பெரியவளுக்கே ஞாபகம் வந்தது. சர்வரில் அந்தக் கதவை எழுத ஆரம்பித்த காலத்தில், ஒவ்வொரு முறையும் ஓடிபி போட்டுச் சலித்துப்போய், இந்தச் சாவி வந்தால் யார் எவர் என்று கேட்காமல் எல்லாவற்றையும் திற என்று அவளே ஒரு வரி எழுதியிருந்தாள். அவளுடைய வசதிக்காக எழுதியது. பிறகு எடுத்துவிடலாம் என்று விட்டது. ஈ எறும்பு நுழையாத கதவு என்று பெருமைப்பட்டாளே, அந்தக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி வைத்தது அவள் கைதான். சின்னவள் செய்தது சாவியைத் தெருவில் போட்டது. அந்த ஒற்றைச் சாவிக்கு வீடு முழுக்கத் திறக்கும்படி செய்தது இவள். திங்கட்கிழமையிலிருந்து தினமும் எடுத்து எடுத்துப் பார்த்தும் இது அவள் கண்ணில் படவில்லை. சின்னவளின் தப்பைத் தவிர வேறு எதையும் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

கண்ணாடிக்காரர் இதைப் பெரிய குற்றமாக்கவில்லை. நிறைய இடங்களில் நடப்பதுதான், உடனே மூடிவிட்டு எனக்குத் தெரியப்படுத்துங்கள், மறுபடி வந்து பார்க்கிறேன் என்றார். சின்னவள் எழுந்து, நானும் அக்காவும் சேர்ந்து மூடிவிடுகிறோம் சார் என்றாள். சேர்ந்து என்ற சொல்லை அவள் தயங்காமல் சொன்னாள். அவரைக் கீழே வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்ததும் அவளே.

மூன்று பெண்கள் மட்டும் மிஞ்சினார்கள். ஏசி வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா தன் சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பேசித் திட்டியிருந்தால் பெரியவளுக்கு வசதியாக இருந்திருக்கும்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. வந்திருந்தாலும் கணவன் ஒருவன் சாட்சிக்கு இருக்கிறான். பெரியவள் திங்கட்கிழமை என்றாள்.

சின்னவள் சட்டென்று நிமிர்ந்து இவளைப் பார்த்தாள். நேற்று மத்தியானம் கையைப் பிடித்து அழுத்தியதை இருவருமே நினைத்துக்கொண்டார்கள். அவள் அதை அத்தையிடம் சொல்லுவாள் என்று பெரியவள் காத்திருந்தாள். சின்னவள் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டரம்மா கோபத்தில் கத்துகிறவர் அல்ல. லேப்பில் ஒருமுறை ஒரு டெக்னீஷியன் இரண்டு பேரின் ரத்தக் குழாய்களை மாற்றி வைத்துவிட்டு, தானே ஓடிவந்து சொன்னபோது, அவனுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தவர். ஒருத்தி தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தபோது, அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பியவர். இரண்டு கதையும் பெரியவளுக்குத் தெரியும்.

"தப்பு பண்றவங்களை வச்சுக்கிட்டு நான் லேப் நடத்திடுவேன்மா. தப்புன்னு தெரிஞ்சும் சொல்லாம வச்சிருக்கறவங்களை வச்சுக்கிட்டு என்னால நடத்த முடியாது. திங்கள்லேர்ந்து இன்னைக்கு வரைக்கும் எத்தனை பேரோட ரிப்போர்ட் தெறந்து கெடந்துச்சு? நீ எதுக்காகக் காத்திருந்தேன்னு நான் கேக்கல. எனக்குத் தெரியும்."

பொறுப்பு சின்னவளுக்கு என்றார். வேண்டாம் அத்தை என்று சின்னவள் சொல்வாள், தான் பதிலுக்கு, நீ விட்டுக்கொடுத்து எனக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று பெரியவள் அந்த அரை நிமிஷத்தில் வசனம்கூடத் தயார் செய்துவிட்டாள். சின்னவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி அத்தை என்றாள். டாக்டரம்மா கீழே இறங்கிப் போனதும் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து இவள் பக்கத்தில் உட்கார்ந்தாள், முதலில் எதை மூடலாம் அக்கா என்று கேட்டாள். குரல் கம்மியிருந்தது. ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவே இல்லை.

சாவியைச் சட்டென்று மூடவும் முடியாது. மூடினால் வெளியே போயிருக்கும் ஆப்பெல்லாம் முதல் திரையிலேயே நின்றுவிடும். முதலில் சோதனைச் சாவிக்கு ரிப்போர்ட் திறக்காதபடி சர்வரில் அந்தப் பழைய வரியை எடுக்க வேண்டும். பிறகு விலைக்கும் முகவரிக்கும் சாவியே வேண்டாத தனி வழி, பிறகு புது ஆப், எல்லோரும் அதற்கு மாறிய பின் பழைய சாவிக்குச் சமாதி. அந்தத் தனி வழியை, சின்னவள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன அதே வழியை, பெரியவள் உட்கார்ந்து எழுதினாள். எழுதி முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இதற்கா இத்தனை நாள் இழுத்தேன் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு எரிச்சலும் இருந்தது, ஒன்று வந்ததால் மற்றது போய்விடவில்லை.

கண்ணாடிக்காரர் மறுபடி வந்து பார்த்து, சரி என்றார். ஆஸ்பத்திரி கையெழுத்திட்டது. போகும்போது ஒரு யோசனை சொன்னார். சர்வருக்குள் யாரும் நிரந்தரமாக நுழைய முடியக் கூடாது. நுழைய வேண்டியவர் காரணம் எழுதிக் கேட்க வேண்டும், பொறுப்பில் இருப்பவர் படித்துப் பார்த்துத் தன் போனிலிருந்து அனுமதி கொடுக்க வேண்டும், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு மட்டும். சின்னவள் அதை உடனே நடைமுறைக்குக் கொண்டுவந்தாள். பெரியவள்தான் அதை எழுதிக் கொடுத்தாள். தான் கட்டிய வீட்டுக்குள் போகத் தானே வாசலில் நின்று கேட்கும்படி ஒரு பூட்டு செய்வது எப்படி இருக்கும் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

முதல்முறை அவள் உள்ளே போக வேண்டிய நாள் வந்தது. ஆஸ்பத்திரி ரிப்போர்ட் ஒன்றில் தேதி தப்பாக வந்திருந்தது. காரணம் எழுதும் கட்டத்தில் அவள் ஒரு பக்கம் எழுதினாள். எந்த அட்டவணை, எந்த வரி, ஏன் தன்னால் மட்டும் இதைச் செய்ய முடியும், இதை முதலிலிருந்து யார் எழுதியது என்பது உட்பட எல்லாவற்றையும் ஊசி ஊசியாகச் செருகி எழுதினாள். சின்னவள் படித்து முகம் சுருங்கட்டும் என்று அனுப்பினாள்.

அனுப்பிய கையை எடுப்பதற்குள் அனுமதி வந்துவிட்டது. சர்வர் திறந்துகொண்டது. பெரியவள் திரும்பிப் பார்த்தாள். சின்னவள் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் எதையோ விளக்கிக்கொண்டே, போனைப் பார்க்காமலே, கட்டைவிரலால் தட்டிவிட்டிருந்தாள்.

அவ்வளவு எழுதியதில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. பெரியவளுக்கு முதலில் ஆத்திரம் வந்தது. பிறகு ஒரு நினைப்பு மெல்ல எழுந்தது: இது ஒரு தப்பு. பொறுப்பில் இருப்பவள் படிக்காமல் திறக்கிறாள். ஆஸ்பத்திரிக்காரர் அடுத்த முறை வரும்போது இதைக் காட்டினால் எப்படி இருக்கும்? அவள் வயிற்றுக்குள் அந்தப் பழைய சந்தோஷம் தலைகாட்டியது. அதே ருசி, கொஞ்சமும் குறையவில்லை.

அந்த ருசி அவளுக்கே அருவருப்பாக இருந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, வாளியைச் சுற்றிக்கொண்டு, சின்னவளின் மேஜைக்குப் போனாள்.

"காரணத்தைப் படிக்காம அனுமதி குடுக்கக் கூடாது. தப்பு அது" என்றாள். குரல் வேண்டியதைவிடக் கடுமையாகத்தான் வந்தது.

சின்னவள் நிமிர்ந்தாள். அவளுக்குப் புரியவில்லை.

"கேட்டது நீங்கதானே அக்கா. உங்களோடதையுமா படிக்கணும்?"

கேலி இல்லை, குத்தல் இல்லை. அவ்வளவு நடந்த பிறகும் அவளால் அப்படிக் கேட்க முடிந்தது. பொறுப்பும் பேரும் போனதைக்கூடப் பெரியவளால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. இந்தக் குணத்தைப் பார்க்கும்போதுதான் வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. எத்தனை வருஷம் சர்வர் எழுதினாலும் இது தனக்கு வராது என்று அவளுக்குத் தெரிந்தது.

"என்னோடதைத்தான் முதல்ல படிக்கணும்" என்றாள் பெரியவள்.

சின்னவள் போனை எடுத்து, கொடுத்த அனுமதியை ரத்து செய்துவிட்டு, பெரியவள் எழுதியிருந்ததை முதல் வரியிலிருந்து நிதானமாகப் படிக்கத் தொடங்கினாள். ஊசிகள் இருந்த இடம் வரும்போதும் அவள் வேகம் மாறவில்லை. பெரியவள் அந்த மேஜைப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, அவள் படித்து முடிக்கும்வரை நின்றாள்.